காவல் காத்த நாய்க்கு வயதாகிவிட்டால்...

ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றி முந்திரித் தோப்பும் கரும்பும் மல்லாட்டைக் கொல்லையும்தான். கொல்லை இருந்தால் காவலுக்கு ஒரு நாய் இருக்கும். நம் சமுதாயக் குடும்பங்களிலும் நிலம் உள்ளவர்கள், ஆடு வளர்ப்பவர்கள் நாய் வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அத்தா காலமாகிவிட்டார். பிள்ளைகளில் ஒருவர் சவூதியில், ஒருவர் சென்னையில். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. அம்மாவும் மகனோடு போகப் போகிறார். பத்துப் பன்னிரண்டு வருடம் கொல்லையைக் காத்த நாய் மட்டும் மிச்சம். கண் மங்கிவிட்டது, பின்னங்கால் தள்ளாடுகிறது. அதை என்ன செய்வது?

"எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். இந்தப் பதில் சரியா என்பதை மார்க்கம், சட்டம், மருத்துவம் என்ற மூன்று வழியிலும் பார்ப்போம்.

வளர்க்க அனுமதி உண்டா?

வேட்டைக்கும், கால்நடையைக் காக்கவும், விவசாயத்தைக் காக்கவும் நாய் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்திருக்கிறார்கள் (புகாரி 2322). தேவையின்றி வளர்ப்பவரின் நற்செயல்களிலிருந்து நாள்தோறும் ஒரு பங்கு குறையும் என்றும் எச்சரித்திருக்கிறார்கள். எனவே கொல்லைக் காவலுக்கு வைத்த நாய், அனுமதிக்கப்பட்ட தேவைக்காக வைத்த நாய்தான்.

காவல் காக்க முடியாமல் போனபின் நம் கடமை முடிந்துவிடுகிறதா? இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர். கி.பி. 1262-ல் மறைந்தவர்கள். 'கவாயிதுல் அஹ்காம்' என்ற நூலில், மனிதன் மீது பிராணிகளுக்கு உள்ள உரிமைகளை அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். அதில் முதலாவது, தகுந்த உணவுச் செலவு. அந்தப் பிராணி முதுமையாலோ நோயாலோ எந்தப் பயனும் தராத நிலைக்குப் போனாலும் அந்தச் செலவு உரிமையாளர் மீது கடமை என்று எழுதுகிறார்கள். ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததை நாம் அறிவோம் (புகாரி 3318). தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் நீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறிவந்தவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டதையும் அறிவோம் (புகாரி 2363). அது அவர் வளர்த்த நாய்கூட இல்லை.

"நஜீஸ் ஆயிற்றே, எப்படிப் பராமரிப்பது?"

வயதான நாய்க்கு மருந்து கொடுக்க வேண்டும், சில நேரம் தூக்க வேண்டும். இதனால்தான் பலர் தயங்குகிறார்கள். நாயைத் தொட்டால் ஒளு முறியாது. ஈரம் பட்ட இடத்தைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். ஷாஃபிஈ மத்ஹபில் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் எச்சில்தான் அசுத்தம், உடல் அல்ல. நாய்க்குத் தனித் தட்டு, வெளியே ஒரு கொட்டகை, மருந்து கொடுக்கக் கையுறை, பழைய உடுப்பு ஒன்று. இவை இருந்தால் தொழுகைக்கும் பராமரிப்புக்கும் மோதல் வராது.

வேறு இடம் தேடுவது எப்படி?

பஸ் நிலையத்திலோ கறிக்கடை ஓரத்திலோ இறக்கிவிடுவது, மெல்லக் கொல்வதற்குச் சமம். தெருநாய்களுக்கு ஒவ்வொரு தெருவும் ஒரு எல்லை. புதிதாக வரும் நாயை அவை கூட்டமாகக் கடிக்கும். கண் தெரியாத கிழட்டு நாயால் சண்டையும் போட முடியாது, ஓடவும் முடியாது. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், பசி தாகத்தால் துன்புறும் நிலையில் பிராணியைக் கைவிடுவதை 11-வது பிரிவில் குற்றமாக்கியுள்ளது. முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். சட்டத்தின் அபராதம் சிறியது, மறுமையின் கேள்வி அப்படி அல்ல.

முதலில், நாயை ஏற்கெனவே அறிந்தவர்களைக் கேளுங்கள். குத்தகைக்கு எடுத்தவர், பக்கத்துக் கொல்லைக்காரர், தோப்புக் காவலாளி போன்றவர்கள். இடம் மாறாமல் ஆள் மட்டும் மாறுவதுதான் வயதான நாய்க்கு எளிது. மாசி மகத்துக்குக் கிள்ளைக்கு வரும் ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமியை அங்குள்ள முஸ்லிம்கள் வரவேற்கும் வழக்கம் உள்ள மாவட்டம் நம்முடையது. மாற்று மத அண்டை வீட்டாரிடம் இந்த உதவியைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

நாய் விற்ற காசை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் (புகாரி 2237). எனவே விலை பேசாமல் அன்பளிப்பாகவே கொடுங்கள். முடிந்தால் மாதாமாதம் தீவனத்துக்கும் மருந்துக்கும் நீங்களே பணம் அனுப்புங்கள். நோய், வயது, கடிக்கும் பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையைச் சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஒரு வாரம் பழகவிட்டு, அது படுத்த சாக்கையும் தட்டையும் கூடவே அனுப்புங்கள். காப்பகத்தைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 1959 முதல் இயங்கும் ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகள் இருந்தாலும், நூற்றுக்கணக்கான பிராணிகளுக்கு நடுவே கிழட்டு நாய் ஒடுங்கிப்போகும்.

குணமாகாத நிலை வந்தால்?

இதுதான் கனமான கேள்வி. புற்றுக்கட்டி வெடித்துவிட்டது, எழ முடியவில்லை, இரவெல்லாம் முனகுகிறது. ஊசி போட்டு முடித்துவிடலாமா?

இதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் மதரஸாக்களில் ஓதப்படும் 'ஃபத்ஹுல் முஈன்' பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஷாஃபிஈ நூல். உண்ணத் தகாத பிராணியை, அதன் வேதனையைப் போக்குவதற்காகக்கூட அறுக்கக் கூடாது என்பது அதன் தீர்ப்பு. நடமாட முடியாத கழுதையை அதற்கு உதாரணம் காட்டுகிறார்கள். ஹனஃபி நூல்களிலோ, நோயுற்றுப் பயனற்றுப்போன கழுதையை அறுத்து விடுவிப்பதில் குற்றமில்லை என்ற கருத்து இருக்கிறது. குணமாகும் நம்பிக்கையே இல்லாதபோது இக்கால அறிஞர்கள் பலரும் அனுமதிக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈயும் உள்நாட்டில் ஹனஃபியும் அதிகம் என்பதால், கடலூர் மாவட்டத்திலேயே இரண்டு ஊர் ஆலிம்கள் இரண்டு பதில் சொல்லலாம். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டு நடங்கள். நாம் இங்கே ஃபத்வா கொடுக்கவில்லை.

ஆனால் ஆலிமிடம் போகும் முன் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் சொல்வதை வைத்துத்தான் ஆலிம் பதில் சொல்ல முடியும். நோய் குணமாகுமா? வலியை மருந்தால் அடக்க முடியுமா? தானாகச் சாப்பிடுகிறதா, நீர் குடிக்கிறதா, எழுந்து சிறுநீர் கழிக்கிறதா? வாரத்தில் நல்ல நாள் அதிகமா, கெட்ட நாள் அதிகமா? இவற்றைக் குறித்துக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் பேசலாம். முடியாமை என்று நாம் நினைப்பது பல நேரம் மூட்டுவலியாகவோ பல்வலியாகவோ இருக்கும். மாத்திரையில் சரியாகிவிடும். வீட்டிலுள்ள பாராசிட்டமால், ஐபுப்ரூஃபன் போன்றவற்றை மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். அவை நாய்க்கு நஞ்சாகலாம்.

ஊசிதான் முடிவு என்றால், மருத்துவர் முதலில் மயக்க மருந்து கொடுப்பார். பிறகு நரம்பில் அளவுக்கு மேற்பட்ட மயக்க மருந்து செலுத்துவார். நினைவு முதலில் போகும், சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கொல்ல நேர்ந்தாலும் அழகிய முறையில் செய்யுங்கள் என்ற நபிமொழியை (முஸ்லிம் 1955) இங்கே நினைவில் கொள்ள வேண்டும். விஷம் வைப்பது, அடிப்பது, பட்டினி போட்டு "தானாகப் போகட்டும்" என்று விடுவது எந்த மத்ஹபிலும் அனுமதி இல்லை. விஷம் வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்தால் சும்மா இருந்துவிடக் கூடாது. வலி மருந்து, மெத்தென்ற படுக்கை, நாளுக்குப் பல முறை புரட்டிவிடுவது, புண்ணில் ஈ மொய்க்காமல் பார்ப்பது, வாயருகே தண்ணீர் ஆகியவை கடைசிவரை நம் பொறுப்பு.

இறந்தபின் கிணறு, வாய்க்காலிலிருந்து தள்ளி, மூன்று நான்கு அடி ஆழத்தில் புதையுங்கள். ஊசி மருந்து உடலில் தங்கியிருக்கும். மேலாகப் புதைத்தால் தோண்டித் தின்னும் நாய்களும் காகங்களும் சாகக்கூடும்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

"ஊருக்குப் போயிருக்கிறது" என்று பொய் சொல்லாதீர்கள். அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த குருவி இறந்து அவர் வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள் (அபூதாவூத் 4969). ஒரு குருவிக்காக வருந்திய குழந்தையை அவர்கள் அலட்சியம் செய்யவில்லை. நம் பிள்ளைகளும் அழட்டும். நாம் அந்த நாயை எப்படி நடத்தினோம் என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாளை நமக்கும் முதுமை வரும்.

வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் கேள்வி கணக்கை எளிதாக்கும் நற்செயல்களை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.