பருவமும் பருவும்

வாலிபப் பருவத்தை வஸந்த காலம் என்று கவிஞர்கள் வர்ணித்திருக்கிறார்கள். அந்தக் கவிஞர்களில் ஒருவருக்கேனும் முகத்தில் பரு வந்ததுண்டா என்பது எனக்குச் சந்தேகம். வந்திருந்தால் வஸந்தத்தைக் குறித்து அவ்வளவு உற்சாகமாகப் பாடியிருக்க மாட்டார்கள். பதினாறு வயதுப் பையனையோ பெண்ணையோ கண்ணாடி முன்னால் நிற்கும்போது கேட்டுப் பாருங்கள். அந்த வஸந்தத்தில் பூப்பது மலரல்ல என்பதைச் சொல்வார்கள்.

நான் இருபது வருஷங்களாக உயர்தரப் பாடசாலையில் உபாத்தியாயராயிருந்து வருகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, போன வருஷம் பளிங்குபோல் இருந்த முகங்கள் பல கரடுமுரடாகி வந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன். "வயசுக் கோளாறு, தானே போய்விடும்" என்று பெரியவர்கள் சொல்வதையே நானும் சொல்லி வந்தேன். அந்த அபிப்பிராயத்தை மாற்றிக் கொள்ளும்படி செய்தவன் என் மாணாக்கன் ஒருவன். அந்த விருத்தாந்தத்தில் என் குற்றமும் கலந்திருப்பதால் அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஒரு நாள் பூகோள பாடம். மலைகளைப் பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தேன். தேசப்படம் வேண்டியிருந்தது; அது பக்கத்து வகுப்பில் இருந்தது. எடுத்துவரச் சொல்லக் கடைசிப் பெஞ்சியைப் பார்த்தேன். அங்கே அந்தப் பையன் வழக்கம்போல் கையால் கன்னத்தை மறைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தான். என் நாக்கில் அன்றைக்குச் சனீசுவரன் குடியேறியிருக்க வேண்டும். "படம் எதற்கு? இவன் முகத்தைப் பார்த்தாலே மேடு பள்ளம் எல்லாம் விளங்குமே!" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவனும் சிரித்தான். அவன் சிரித்ததனால், நான் சொன்னதில் ஒன்றும் பிசகில்லை என்று எண்ணிக் கொண்டேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஐந்தாம் நாள் மாலை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தாயார் வாசலுக்கு வந்து, "வாத்தியார் ஐயா, மூன்று நாளாகப் பிள்ளைக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. நெஞ்சு எரிகிறது என்கிறான்; எச்சில் விழுங்கினாலே துடிக்கிறான். என்னவென்று தெரியவில்லை" என்று கண்ணீர் விட்டாள்.

அவளுக்குத் தெரியாத காரணத்தைப் பையன் என்னிடம் தனியே சொன்னான். வகுப்பில் எல்லோரும் சிரித்த அன்று மாலையே மருந்துக் கடைக்குப் போயிருக்கிறான். கடைக்காரர் ஒரு சீட்டும் கேட்காமல் ஒரு பட்டை மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டாருக்குத் தெரிந்தால் கேள்வி கேட்பார்கள் என்று இரவில் விளக்கணைத்த பிறகு, படுத்த வாக்கிலேயே, தண்ணீர் இல்லாமல் விழுங்கியிருக்கிறான். சீக்கிரம் குணமாக வேண்டுமென்று இரண்டாக விழுங்கினானாம். பட்டையை வாங்கிப் பார்த்தேன். டாக்ஸிஸைக்ளின் என்று எழுதியிருந்தது. அதன் மேல் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடும் இருந்தது. வைத்தியர் சீட்டு இல்லாமல் சாப்பிடத் தகாத மருந்து என்பதை ஜனங்களுக்கு அறிவிப்பதற்காக இந்திய ஸர்க்கார் 2016-ல் பிரசாரம் செய்த கோடு அது. கோடு என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது. கொடுத்தவரும் பார்க்கவில்லை, வாங்கியவனும் பார்க்கவில்லை.

மறுநாள் அவனையும் அவன் தாயாரையும் அழைத்துக் கொண்டு ஜில்லா தலைநகரிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போனேன். சரும நோய் டாக்டர் ஒரு பெண்மணி. பையனின் கதையைக் கேட்டதும், "இது புதிதல்ல. இந்த மருந்து தண்ணீரில்லாமல் போனால் உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டு கரையும். அது அமிலத் தன்மை உள்ளது. ஒட்டின இடத்தைப் புண்ணாக்கிவிடும். நல்ல வேளை, இந்தப் புண் பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடும். மருந்தை இப்போதைக்கு நிறுத்து" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மருந்தின்மேல் குற்றமில்லை ஸார், சாப்பிட்ட விதந்தான் குற்றம்" என்றார்.

அந்த ஆஸ்பத்திரித் திண்ணையில் நாங்கள் காத்திருந்த நேரம் வீணாகவில்லை. பரு வைத்தியத்துக்கு வந்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். ரயில் ஸ்நேகிதம்போல் ஆஸ்பத்திரி ஸ்நேகிதம் என்றும் ஒன்று உண்டல்லவா? ஒவ்வொருவரும் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள்.

ஜவுளிக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண், தினம் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக் கொண்டு பஸ் ஏறுவாளாம். முதல் வாரம் முழுவதும் குமட்டல். "இட்டிலி சாப்பிட்ட பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் சாப்பிடு" என்று டாக்டர் சொன்ன பிறகு குமட்டல் நின்றதாம். ஆனால் வேறொரு சங்கடம் வந்தது. ஊர்த் திருவிழாவில் நடுப்பகல் வரையில் வெயிலில் நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வரும்போது மூக்கும் கன்னமும் புறங்கையும் நெருப்புப் பட்டதுபோல் சிவந்துவிட்டன. இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது வெயில் சாதாரணத்தைவிடக் கடுமையாகச் சுடும் என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்று முதல் குடையில்லாமல் அவள் வெளியே கிளம்புவதில்லையாம்.

கல்லூரி மாணவர் ஒருவர், தாம் முன் தடவை மூன்று வாரத்திலேயே மருந்தை விட்டுவிட்டதாகச் சொன்னார். "ஒரு பிரயோஜனமும் தெரியவில்லை, பணம் தண்டம் என்று நினைத்தேன்" என்றார். ஆறு முதல் எட்டு வாரங்கள் பொறுத்தால்தான் குணம் தெரியும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும் அந்த வயதில் ஆறு வாரம் என்பது ஆறு யுகம் அல்லவா?

இதற்கு நேர்மாறான கதை, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவருடையது. பழைய சீட்டைக் காட்டிக் காட்டியே ஒரு வருஷத்துக்கு மேல் அதே மருந்தை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். முகம் தெளிந்தால் நிறுத்துவதும், ஒரு பரு தலைகாட்டினால் தொடங்குவதுமாக இருந்திருக்கிறார். "முதலில் நன்றாகக் கேட்டது; இப்போது கேட்பதில்லை" என்றார். அவர் முகத்தில் மருந்து கேட்காமற் போனது மட்டும் நஷ்டமல்ல. நம் சருமத்திலும் குடலிலும் கோடானுகோடி கிருமிகள் வாசம் செய்கின்றன. நாள் கணக்கில்லாமல் மருந்து சாப்பிட்டால், அந்த மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் மட்டும் மிஞ்சி வம்சவிருத்தி செய்கின்றன. நாளைக்கு அவருக்கோ அவர் வீட்டாருக்கோ கடுமையான நோய் ஏதேனும் வந்தால், அப்போது தேவைப்படும் ஆயுதம் மழுங்கிப் போயிருக்கும். ஒருவர் கன்னத்துப் பருவுக்காக ஊராருடைய கவசத்தில் ஓட்டை போடுவது நியாயமா?

மணப்பெண் ஒருத்தியின் தாயார் வேறு மாதிரி அவஸ்தையைச் சொன்னாள். முகம் சிவப்பாகும் என்று யாரோ சொல்லிய களிம்பைப் பூசியதில் பரு இரண்டு பங்காகிவிட்டதாம். அந்தக் களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு. அது சில நாள் முகத்தை மினுக்கிக் காட்டிப் பிறகு தோலை மெலியச் செய்து, பருவையும் வளர்த்துவிடும். நமது நாட்டில் கறுப்பு நிறத்தை ஒரு வியாதியாக எண்ணும் வியாதி ஒழியாத வரையில் இந்தக் களிம்புகளுக்குக் கிராக்கி குறையப் போவதில்லை.

பரு என்பது என்ன, மாத்திரை அதில் என்ன செய்கிறது என்பதையும் டாக்டர் அம்மையார் எங்களுக்கு விளக்கினார். பருவம் வரும்போது உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள் சருமத்திலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகின்றன. எண்ணெய் மிகுதியாகச் சுரக்கிறது. மயிர்க்காலின் வாயில் தோல் செதில்கள் சேர்ந்து அடைத்துக் கொள்கின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில், எப்போதும் சாதுவாய்க் குடியிருக்கும் ஒருவகைக் கிருமி பெருகுகிறது. உடம்பு அதை எதிர்த்துப் போராடுகிறது. வீக்கமும் சிவப்பும் சீழும் அந்தப் போரின் அடையாளங்கள். ஆகவே, முகம் கழுவாததால் பரு வருகிறது என்பது அபாண்டம். கழுவிக் கழுவித் தேய்ப்பதனால் எரிச்சல்தான் மிஞ்சும். கிள்ளினால் தழும்பு மிஞ்சும்.

டாக்ஸிஸைக்ளின் போன்ற மருந்துகள் அந்தக் கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கின்றன, வீக்கத்தையும் தணிக்கின்றன. ஆனால் எண்ணெய்ச் சுரப்பை நிறுத்துவதில்லை, அடைப்பையும் திறப்பதில்லை. அதனால்தான் மாத்திரையை மட்டும் தனியே கொடுப்பது சரியல்ல என்கிறார்கள். அடைப்பைத் திறக்க அடபலீன் போன்ற களிம்பும், கிருமி மருந்துக்குப் பழகிவிடாதிருக்க பென்ஸாயில் பெராக்ஸைடும் கூடவே பூச வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்குள் மாத்திரையை நிறுத்திவிட்டுக் களிம்பை மட்டும் தொடர வேண்டும். ஒரு சிறு எச்சரிக்கை: பென்ஸாயில் பெராக்ஸைடு பட்ட துணி வெளுத்துவிடும். அம்மாவின் பட்டுப் புடவைத் தலைப்பில் முகம் துடைக்கும் பழக்கமுள்ளவர்கள் ஜாக்கிரதையாயிருப்பது நலம்.

இந்த மருந்துக் குடும்பத்துக்கும் சென்னைக்கும் ஒரு பாந்தவ்யம் உண்டு என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1895-ல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மகாத்மாவின் அழைப்பைக் கேட்டு, ரண சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு வைத்தியப் பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழ்ப்பட்ட பட்டத்துடன் வெளியேறினார். பிறகு அமெரிக்கா சென்று, லெடர்லி ஆராய்ச்சிசாலையின் தலைமைப் பதவியை அடைந்தார். அங்கே பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவர சாஸ்திரி, மிஸௌரி மாகாணத்து மண்ணிலிருந்து கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பொன்னிறமான மருந்தொன்றைக் கண்டார். 1948-ல் ஆரியோமைஸின் என்ற பெயருடன் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டெட்ராஸைக்ளின் வம்சத்தில் முதலாவது அதுதான். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சுப்பாராவ் காலமானார். 1967-ல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த டாக்ஸிஸைக்ளின் அந்த வம்சத்துப் பேரப்பிள்ளை. கதர் உடுத்ததற்காகப் பட்டம் குறைக்கப்பட்டவரின் ஆராய்ச்சிசாலையில் பிறந்த மருந்தைக் கடலைமிட்டாய்போல் வாங்கித் தின்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

டாக்டர் கூறிய மற்ற விதிகளையும் வாசகர்களின் உபயோகத்துக்காக எழுதி வைக்கிறேன். மாத்திரையை நிமிர்ந்து உட்கார்ந்தோ நின்றோ நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். குறைந்தது அரைமணி நேரம் படுக்கக் கூடாது. வயிற்றுப் புளிப்புக்கான மருந்தும், சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளும் அதைப் பிடித்துக் கொண்டு உடம்பில் சேரவொட்டாமல் தடுக்கும். பள்ளிக்கூடங்களில் வாரம் ஒருமுறை இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறோமல்லவா? அன்றைக்கு இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் விட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பருவுக்காக இதைக் கொடுக்கக் கூடாது. குழந்தையின் பல்லில் கறை விழக்கூடும். மினோஸைக்ளின் என்னும் உறவுக்கார மருந்து சிலருக்குத் தலைசுற்றலையும், நாட்பட்டால் தோலில் நீலச் சாம்பல் நிறத்தையும் உண்டாக்கும். ஐஸோட்ரெடினாயின் என்னும் மருந்துடன் இந்த வம்சத்து மருந்து எதையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. கடுமையான தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

பையனின் நெஞ்செரிச்சல் இரண்டு வாரத்தில் அடியோடு தீர்ந்தது. பிறகு அதே மருந்தை, முறைப்படி, தினம் ஒன்று வீதம் தொடங்கினார்கள். இம்முறை தாயாரே தண்ணீர்ச் செம்புடன் எதிரில் நின்றாள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. "நின்றுவிடலாமா ஸார்?" என்று ஒரு நாள் கேட்டான். ஆறு வார யுகத்தைப் பற்றி அவனுக்கு நினைவூட்டினேன். இரண்டாம் மாத முடிவில் புதுப் பருக்கள் வருவது குறைந்தது. மூன்றாம் மாதம் மாத்திரையை நிறுத்தினார்கள். முகம் பளிங்காகிவிட்டது என்று சொன்னால் பொய். இடது கன்னத்தில் நாலைந்து தழும்புகள் இருக்கின்றன. இருக்கும் என்றே டாக்டரும் சொன்னார். ஆனால் கையால் கன்னத்தை மறைக்கும் வழக்கம் போய்விட்டது.

அவன் பள்ளிக்குத் திரும்பி வந்த அன்றே நான் ஒரு காரியம் செய்தேன். எந்த வகுப்பின் முன்னால் அவனைப் பரிகாசம் செய்தேனோ, அதே வகுப்பின் முன்னால் நின்று, "அன்று நான் சொன்னது தவறு, மன்னிக்க வேண்டும்" என்றேன். இருபது வருஷ உத்தியோகத்தில் அவ்வளவு கஷ்டமான பாடத்தை நான் நடத்தியதில்லை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பையன் மட்டும் தலையைக் குனிந்து கொண்டான்.

பள்ளி முடிவில் வகுப்புப் படம் எடுத்தார்கள். அவன் கடைசி வரிசையில் போய் நிற்பான் என்று எண்ணினேன். இரண்டாம் வரிசையில், எனக்கு நேர் பின்னால் வந்து நின்றான். படம் என் மேஜைமேல் இருக்கிறது. வகுப்பில் ஏதேனும் ஹாஸ்யம் சொல்ல நாக்கு துருதுருக்கும்போது அதைப் பார்த்துக் கொள்கிறேன்.