வெளியூரில் படிப்பவரின் செலவுக் கணக்கு

வெளியூரில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவரின் செலவை மாதக் கணக்காக மட்டும் போட்டால் துண்டு விழும். வாடகை, மெஸ், ரீசார்ஜ் ஆகியவை மாதாமாதம் வருபவை. விடுதி அட்வான்ஸ், தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போய்வரும் செலவு அப்படி வருவதில்லை. கையைக் கடிப்பவை பெரும்பாலும் இவைதான். ஒரு செமஸ்டரின் மொத்தச் செலவை முதலில் எழுதி, பிறகு மாதங்களால் வகுப்பதே ஒத்துவரும். மொத்தச் செலவை மாணவர்கள் பங்கிட்டுக்கொள்ளும் டிவைடிங் முறையில் நடக்கும் மெஸ்களில் பில் மாதத்துக்கு மாதம் மாறும். சீனியர்களிடம் கேட்டு, அதிகம் வந்த மாதத்தின் தொகையையே கணக்கில் வைப்பது நல்லது.

வரவில் கைக்கு வந்ததை மட்டுமே சேர்க்க வேண்டும். கல்வி உதவித்தொகை பல நேரங்களில் ஆண்டு முடியும் தறுவாயில்தான் வங்கிக்கு வருகிறது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் பெறலாம். அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாணவிகளுக்கு டிக்கெட் செலவே இல்லை.

வங்கிக் கல்விக் கடன் கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். விடுதி, உணவுக் கட்டணம், புத்தகம், படிப்புக்குத் தேவையான கணினி ஆகியவற்றையும் அதில் கேட்கலாம். விண்ணப்பிக்கும்போதே அவற்றைக் காட்டியிருக்க வேண்டும் என்பதால், செலவுக் கணக்கு கடன் மனுவுக்கு முன்பே தயாராக வேண்டும்.

துண்டு விழும் இடத்தில்தான் கடன் செயலிகள் நுழைகின்றன. கடன் தொகை கடன்தரும் நிறுவனத்திடமிருந்து நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், ஆண்டு வட்டி உள்ளிட்ட விவரத் தாளை முன்கூட்டியே தர வேண்டும், போனிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி தொடக் கூடாது என்பவை ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த விதிகள். மீறினால் அதன் ‘சசேத்’ தளத்தில் புகார் தரலாம். பணம் மோசடியாகப் பறிபோனால் உடனே 1930ஐ அழைக்க வேண்டும். கமிஷன் தருவதாகச் சொல்லி வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கேட்பவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் புழங்கினால் போலீஸ் முதலில் தேடிவருவது கணக்கு உரிமையாளரைத்தான்.

கட்டிய பணத்தையும் கொடுத்த சான்றிதழ்களையும் திரும்பப் பெறவும் வழியுண்டு. கல்லூரி வாங்கும் காப்புத்தொகை திருப்பித் தர வேண்டியது. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்துள்ளது. இவற்றைத் தர மறுத்தால் முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடமும், பிறகு பல்கலைக்கழக ஆம்பட்ஸ்பர்சனிடமும் முறையிடலாம். தனியார் விடுதி அட்வான்ஸைத் தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. ரசீது தராத விடுதிகள் ஏராளம் என்பதால், அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐ வழியாக அனுப்பினால் அந்தப் பதிவு சான்றாக உதவும்.