படிக்கத் தடை! ஆனாலும் டாக்டர் ஆனார்!

படிப்பதற்கே சட்டம் தடை போட்டால் என்ன செய்வீங்க?

வில்லியம் ஜேம்ஸ் மக்நெவன் 1763ல் அயர்லாந்தில் கால்வே பகுதியில் பிறந்தார். அங்கே ஆங்கிலேயர் ஆட்சி. கத்தோலிக்க மக்கள் பள்ளிக்கூடம் நடத்தத் தடை. பிள்ளையைப் படிக்க வெளிநாடு அனுப்பினாலும் குற்றம்! அப்படியும் வீட்டார் சின்ன வயசிலேயே அவரை பிராக் நகரத்து உறவினரிடம் அனுப்பினாங்க. வியன்னாவில் மருத்துவம் படித்து, ஊர் திரும்பி டப்ளினில் டாக்டர் ஆனார்.

நாட்டு விடுதலைக்காக ஐக்கிய அயர்லாந்தியர் சங்கத்தில் சேர்ந்தார். 1798ல் கைது. 1802 வரை சிறை! 1805ல் கப்பலேறி அமெரிக்காவின் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

அங்கே 1808ல் மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் ஆனார். பிறகு வேதியியலும் சொல்லிக் கொடுத்தார். மாணவர்களுக்காக ஆய்வுக்கூடமும் அமைத்தார்.

தன்னைப் போல பிழைக்க வந்தவங்களையும் அவர் மறக்கலை. ஏழை அயர்லாந்து மக்களுக்குக் காசு வாங்காமல் வேலை தேடித் தர 1816ல் ஓர் அலுவலகம் திறந்தார். 1841ல் நியூயார்க்கிலேயே மறைந்தார்.

தோழிகளே! "படிச்சது போதும், வீட்டில இரு" என்று யாராவது சொன்னால் இந்த டாக்டர் கதையை அவங்களுக்குச் சொல்லுங்க. ஒருத்தர் படித்தது எத்தனை பேருக்கு உதவியது பாருங்க!

- 9ஆம் வகுப்பு மாணவி