ஊருக்கு ஒரு கருவிப் பெட்டி

நமது ஊராட்சிகளில் குடிநீர்க் குழாய்களும், கைபம்புகளும், விசைப்பம்புகளும், பள்ளிக்கூடத்து மேஜை நாற்காலிகளும் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. புதிதாக ஒன்றை அமைக்கும் நாளில் மாலை மரியாதைகளுடன் விழாக் கொண்டாடுகிறோம். அது பழுதுபடும் நாளில் யார் அதைச் சீர் செய்வது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் இதைப் பற்றியே சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு ஒன்றியத்தில் பணியாற்றிய காலத்தில், ஒரு சிறு குடியிருப்பின் கைபம்பு கோடையில் 40 நாட்கள் இயங்காமற் கிடந்தது. தாய்மார்கள் குடங்களுடன் அடுத்த ஊருக்கு நடந்தனர். விண்ணப்பம் வந்தது, குறிப்பு எழுதப்பட்டது, பழுது பார்ப்போருக்கு வேறு ஊர்களில் வேலை இருந்தது. முடிவில் மாற்றப்பட்ட பொருள் யாதெனில், உள்ளங்கை அகலமும் இல்லாத தோல் வாசர் ஒன்றே! அவ்விண்ணப்பம் நமது மேஜையின் மீதே 6 நாட்கள் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. அன்று முதல் நமது மனத்தில் ஒரு கேள்வி நிலைத்துவிட்டது: அந்த வாசரை மாற்றும் கையும் கருவியும் அவ்வூரிலேயே இருந்திருந்தால் எத்தனை நடை மிஞ்சியிருக்கும்?

ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை

தாம்பரத்துக்கு வடமேற்கே, குன்றத்தூருக்கு அணித்தாக உள்ளது திருமுடிவாக்கம். வயலும் ஏரியும் சூழ்ந்த பழைய ஊராயினும், இங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டையால் இன்று பலரும் இதனை அறிவர். நமது மாநிலத்தில் 1958-ஆம் ஆண்டு கிண்டியில் தொழிற்பேட்டை தோன்றியது. 1970-ஆம் ஆண்டு சிட்கோ நிறுவப்பட்ட பின்னர் இத்தகைய பேட்டைகள் பல ஊர்களுக்கும் பரவின. கடைசல் பிடிப்போர், பற்றவைப்போர், மோட்டார் வண்டிகளுக்கு உறுப்புகள் செய்வோர் எனக் கைத்திறன் மிக்க பலர் திருமுடிவாக்கத்தைச் சுற்றி வாழ்கின்றனர்.

இப்பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் கண்ட காட்சி இது. ஓர் அன்பரின் வீட்டுக் கொட்டகையில் நண்பர்கள் நால்வர் கூடியிருந்தனர். ஒருவர் லேத்துப் பட்டறைத் தொழிலாளி, ஒருவர் ஓய்வு பெற்ற பஸ் மெக்கானிக், ஒருவர் தச்சர், நான்காமவர் 2 ஏக்கர் பயிரிடும் விவசாயி. ஆடும் நாற்காலிக் கால், ஒழுகும் குழாய், அடைத்துக்கொண்ட மருந்துத் தெளிப்பான் ஆகியவை அன்றைய வேலைகள். இதற்கு அவர்கள் கூலி பெறுவதில்லை. பொருளைக் கொண்டு வருபவர் தேநீருக்கு ஏற்பாடு செய்வதோடு, தாமும் அருகில் நின்று கருவியைப் பிடிக்க வேண்டும் என்பதே அவர்களின் விதி. அடுத்த முறை அதே பழுது நேர்ந்தால் அவரே சீர் செய்துகொள்வார் அன்றோ? தச்சருக்கு இரும்பு வேலையில் ஐயம் வந்தால் லேத்துக்காரரைக் கேட்கிறார். லேத்துக்காரர் மர வேலையில் தச்சரைக் கேட்கிறார். பொழுதுபோக்காக அவர்கள் செய்யும் இவ்வேலை ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் போலப் பயன்படுவதைக் கண்டு மகிழ்ந்தோம்.

கைபம்பு கற்பித்த பாடம்

இதன் அருமையை உணர்வதற்குக் கைபம்பின் வரலாறு உதவும். 1970-களில் யுனிசெப் நிறுவனத்தின் துணையுடன் ‘இந்தியா மார்க் 2’ என்னும் கைபம்பு உருவாயிற்று. சோலாப்பூர்ப் பகுதியில் வழங்கிய பம்பைத் தழுவி அமைந்த இது, சென்னையில் இருந்த பட்டறையில் பெருமளவில் செய்யப்பட்டு நாடெங்கும் சென்றது. உறுதியான பம்பு, எனினும் ஒரு குறை இருந்தது. அடியிலுள்ள வாசர் தேய்ந்தால் கிணற்றுக்குள் இறங்கியுள்ள குழாய்கள் அனைத்தையும் மேலே தூக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவிகளும், பலர் கைகளும், அவர்களை ஏற்றிவர வண்டியும் தேவைப்பட்டன. ஆதலின் சிறு பழுதுக்கும் ஊரார் காத்திருக்க நேர்ந்தது.

இக்குறையை நீக்கும் பொருட்டு 1980-களில் நமது கோயம்புத்தூர் மாவட்டத்தில் பல பம்புகளைப் பொருத்திச் சோதனை செய்தனர். அதன் பயனாக வந்தது ‘இந்தியா மார்க் 3’. இதில் நீரேறும் குழாயை அகலமாக்கிவிட்டனர். ஆகவே குழாய்களை அப்படியே விட்டுவிட்டு, உள்ளிருக்கும் கம்பிகளை மட்டும் உருவினால் வாசர் கைக்கு வந்துவிடும். சில ஸ்பேனர்களும் சிறிது பயிற்சியும் உள்ள உள்ளூர்க்காரரே இவ்வேலையைச் செய்யலாம். ஒரு பொருளின் அருமை அது உழைக்கும் காலத்தில் மட்டும் அடங்கியதன்று. பழுதுபட்டால் எவ்வளவு விரைவில், யார் கையால் எழுந்து நிற்கிறது என்பதிலும் அடங்கியுள்ளது. பொருள் வாங்கும் ஊராட்சிகள் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் 1990-களில் கிராமத்துப் பெண்களே பயிற்சி பெற்றுக் கைபம்புகளைப் பழுது பார்த்தனர். நீருக்காக நடப்பவர்கள் பெண்களே ஆதலின் ஸ்பேனரும் அவர்கள் கையில் இருப்பது பொருத்தம் அன்றோ?

சொட்டும் குழாயைச் சீர் செய்தல்

இனி, ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ளத்தக்க சில வேலைகளைக் கூறுவோம். முதலாவது, சொட்டும் குழாய். குழாயின் அடியில் ஒரு பாத்திரத்தை வைத்து 1 மணி நேரம் பாருங்கள். 1 லிட்டர் சேர்ந்தால் நாளொன்றுக்கு 24 லிட்டர். ஆண்டுக்கு 8,760 லிட்டர். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு நாள்தோறும் 55 லிட்டர் என அளவு வகுத்துள்ளனர். இவ்வாறு 2 குழாய்கள் சொட்டினால் ஏறக்குறைய ஒருவரின் பங்கு முழுவதும் மண்ணிற்குப் போகிறது.

முதலில் நீர் வரும் வால்வை அடைத்து, குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிடுக. குழாயின் உடலை ஒரு ஸ்பேனரால் அசையாது பிடித்துக்கொண்டு, மேல் நட்டை மற்றொன்றால் இடப்பக்கம் திருப்பிக் கழற்றுக. தண்டின் அடியில் தேய்ந்த வாசர் இருக்கும். அதே அளவுள்ள புதியதை இட்டு மீண்டும் பொருத்துக. கடையில் வாங்கிவரும் வரை பழைய வாசரையே புரட்டிப் போட்டுச் சமாளிக்கலாம். புது வாசர் இட்ட பின்னும் சொட்டினால், அது அமரும் இருக்கையில் பள்ளம் விழுந்துள்ளது என அறிக. அதனைத் தேர்ந்தவரிடம் காட்டிச் சமன் செய்தல் வேண்டும். குழாய் இணையும் மரையில் கசிந்தால், கழற்றித் துடைத்து, மரையை முறுக்கும் திசையிலேயே டெப்லான் நாடாவை 4 அல்லது 5 சுற்றுச் சுற்றி முறுக்குக. எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது நாடா பிரிந்துவிடும்.

மண்வெட்டியும் தெளிப்பானும்

மண்வெட்டிக் காம்பு ஆடினால், இரவில் அதை நீரில் ஊறப்போடுவது நம்மவர் வழக்கம். ஊறிய மரம் பருத்துக் காலையில் இறுகி நிற்கும். வெயிலில் உலர்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். நன்கு உலர்ந்த கருவேலங் கொம்பைத் தெரிந்து, நார் நீளவாட்டில் நேராக ஓடுமாறு செதுக்கி, கண்ணிற் பொருத்தி ஆப்பு அடிப்பதே நிலையான வழி. பச்சை மரத்தை இட்டால் சில வாரங்களில் சுருங்கிக் கழன்றுவிடும். கழன்ற மண்வெட்டி அருகில் நிற்பவரின் காலில் விழும் என்பதை மறத்தலாகாது.

மருந்துத் தெளிப்பான்கள் பெரும்பாலும் கழுவாமையாலேயே கெடுகின்றன. தெளித்து முடிந்தவுடன் 3 முறை நல்ல நீர் ஊற்றி, அந்நீரையும் நுனி வழியே அடித்து வெளியேற்றுக. கழுவிய நீர் கிணற்றிலோ வாய்க்காலிலோ சேரக் கூடாது. நுனித்துளை அடைத்தால் மெல்லிய புல்தண்டாலோ மென்மையான பிரஷாலோ நீக்குக. கம்பியால் குத்தினால் துளை அகன்று மருந்து வீணாகும். வாயால் ஊதி அடைப்பை எடுப்பது நஞ்சை உண்பதற்கு ஒப்பாகும். இதனைச் செய்வோரை நாம் நேரிற் கண்டிருக்கிறோம். தயை கூர்ந்து கைவிடுங்கள்.

விசைப்பம்பு ஓடியும் நீர் ஏறாவிடில், மோட்டாரைக் குறை கூறுமுன் புட்வால்வைப் பாருங்கள். அதில் இலையோ கல்லோ சிக்கியிருந்தால் நீர் கீழே இறங்கிவிடும். கிளாண்டுக் கயிறு தேய்ந்திருந்தாலும் காற்று புகும். கயிறு மாற்றியபின் கிளாண்டை அளவுக்கு மீறி முறுக்க வேண்டாம். ஓடும்போது அங்கே சில துளிகள் சொட்டுவது இயல்பே. முற்றும் அடைத்தால் தண்டு சூடேறித் தேயும்.

கை வைக்கலாகாத இடம்

துணிவு வேறு, துடுக்கு வேறு. மின்சார வேலையில் நண்பர் குழு தன் எல்லையை அறிந்திருத்தல் வேண்டும். எந்தச் சாதனத்தைத் திறப்பதாயினும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மெயினை நிறுத்தி, பியூஸ் கட்டையைக் கழற்றித் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பியூஸ் போனால் கையிற் கிடைத்த தடித்த செம்புக் கம்பியைக் கட்டுவது, காவற்காரனைக் கட்டிப்போட்டு வீட்டைத் திறந்துவைப்பது போலாகும். மோட்டாரின் கப்பாசிடர் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதிர்ச்சி தரவல்லது. வயரிங், நிலத்தொடர்பு, மோட்டார்ச் சுருள் ஆகிய வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விட்டுவிடுக. மின்கசிவு நேர்ந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. எனப்படும் சாதனத்தை ஒவ்வொரு வீட்டிலும் பம்பு கொட்டகையிலும் பொருத்துதல் உயிர்க் காப்பாகும்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகித் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராசபுரம் முதலிய ஊர்களை வெள்ளம் சூழ்ந்ததை இவ்வட்டாரத்தார் மறந்திலர். வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரையோ வீட்டுச் சாதனத்தையோ, ஈரம் காய்ந்தது போல் தோன்றினாலும், உடனே ஓட்டிப் பார்க்கலாகாது. உள்ளே சேறும் ஈரமும் தங்கியிருக்கும். மின்பணியாளர் அதனைத் திறந்து சுத்தம் செய்து, உலர்த்தி, மின்காப்பைச் சோதித்த பிறகே இணைப்புத் தருதல் வேண்டும்.

பிற இடங்களில்

நண்பர்கள் கூடிப் பழுது பார்க்கும் வழக்கம் உலகெங்கும் இன்று மதிப்புப் பெற்று வருகிறது. 2009-இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டினா போஸ்ட்மா என்னும் அம்மையார் ‘ரிப்பேர் கபே’ என்ற கூட்டத்தைத் தொடங்கினார். அங்கும் பொருளுக்குரியவர் பழுது பார்ப்பவருடன் அமர்ந்து கற்றுக்கொள்கிறார். 2015-இல் பெங்களூரிலும் இத்தகைய கூட்டம் தோன்றியது. மகாராட்டிரத்தில் பூனா மாவட்டத்துப் பாபல் கிராமத்தில் டாக்டர் கல்பாக் 1983-இல் நிறுவிய விஞ்ஞான ஆசிரமம், பட்டறை வேலையைக் கிராமப் பிள்ளைகளின் கல்வியாகவே ஆக்கிக் காட்டியது.

ஊராட்சி செய்ய வேண்டுவது

இதற்குப் பெரிய திட்டமோ கட்டடமோ தேவையில்லை. பைப் ரிஞ்சு ஒன்று, ஸ்பேனர் தொகுதி ஒன்று, திருப்புளிகள், குறடு, சுத்தியல், ரம்பம், அரம், உளி, துறப்பணம், எண்ணெய்க் குப்பி ஆகியவற்றுடன் வாசர்களும் டெப்லான் நாடாவும் கொண்ட ஒரு பெட்டி போதும். அதனை நூலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ வைத்து, நூல் இரவல் தருவது போல ஒரு பதிவேட்டில் எழுதிக் கொடுக்கலாம். கொண்டு சென்றவர் பெயர், நாள், திரும்பிய நாள் ஆகிய மூன்றே பத்திகள். பெட்டிக்குப் பொறுப்பாளர் ஒருவரே இருத்தல் வேண்டும். எல்லாருக்கும் பொறுப்பு எனில் ஒரு மாதத்தில் பெட்டி மட்டுமே மிஞ்சும்!

ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்றில் ஊரிலுள்ள கைத்திறனாளர்களின் பெயர்களைக் கேட்டுப் பட்டியல் எழுதுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்களுடன் பேசி முடிவு செய்யுங்கள். மகளிர் குழுவினரையும், பள்ளியில் மேல் வகுப்புப் பயிலும் பிள்ளைகளையும் அழையுங்கள். தொழிலாகவே பழுது பார்த்துப் பிழைப்போரின் வருவாயை இது கெடுக்குமோ என்று சிலர் ஐயுறலாம். வாசர் மாற்றும் சிறு வேலைகளுக்கு அவர்கள் வருவதே அரிது. பெரிய வேலைகள் என்றும் அவர்களுக்கே உரியவை. அவர்களையே ஆசிரியர்களாக அமர்த்தி, அன்றைய உழைப்புக்குத் தக்க மதிப்பூதியம் அளித்தல் நன்று.

தன் கையே தனக்குதவி என்பது நம் முன்னோர் மொழி. ஒரு கைக்குத் தெரியாததை மற்றொரு கை கற்பிக்குமாயின், அது ஊருக்கே உதவியாகும். நாம் முன்னே கூறிய அக்குடியிருப்பின் தாய்மார்கள் நடந்த 40 நாள் நடையை நம்மால் திருப்பித் தர இயலாது. வேறெந்த ஊரிலும் ஒரு தோல் வாசருக்காக அந்நடை நேராதிருக்க, ஊருக்கு ஒரு கருவிப் பெட்டியை அடுத்த கிராம சபையிலேயே முடிவு செய்யுமாறு உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.