தூக்காமல் விட்ட மூன்றாவது முயற்சி

2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் நடந்த காமன்வெல்த் போட்டியில், வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் பளுதூக்குதலில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். ஸ்னாட்சில் 144, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 173, மொத்தம் 317 கிலோ. நான்கு ஆண்டுகளுக்கு முன் கிளாஸ்கோவில் தங்கம் வாங்கியபோது அவர் தூக்கியது 328. இடையில் தேசியப் போட்டியில் 194 கிலோவுக்கு முயன்று தொடையின் முன்பக்கத் தசையைக் காயப்படுத்திக்கொண்டிருந்தார். பதக்கமே எதிர்பார்க்கவில்லை என்று பிறகு சொன்னார். கோல்ட் கோஸ்டில் கிளீன் அண்ட் ஜெர்க்கின் இரண்டாவது முயற்சியிலேயே தங்கம் உறுதியாகிவிட்டது. மூன்றாவது முயற்சிக்கு அவர் மேடையேறவில்லை.

வலியைத் தாங்கி வென்ற கதையாகத்தான் இதைப் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த மூன்றாவது முயற்சியை அவர் விட்டுக்கொடுத்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. தூக்குவதைப் போலவே தூக்காமல் ஓய்ந்திருப்பதிலும் பலம் இருக்கிறது.

பயிற்சி முடித்து ஜிம்மை விட்டு வெளியே வரும் வீரர், உள்ளே போனபோது இருந்ததைவிடப் பலவீனமானவர். தசை இழைகளில் நுண்ணிய சேதம், சேமித்த சர்க்கரை கரைந்திருக்கும், நரம்பு மண்டலமும் களைத்திருக்கும். பலம் அதற்குப் பிறகுதான் வருகிறது. கனமான எடைப் பயிற்சிக்கு 24 மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அந்தத் தசையில் புரத உற்பத்தி வழக்கத்தைவிட ஏறத்தாழ இருமடங்காக நடந்துகொண்டிருக்கும். ஒன்றரை நாளில் பழைய நிலைக்குத் திரும்பும். பழக்கப்பட்டவர்களுக்கு இன்னும் சீக்கிரம் அடங்கிவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு, சும்மா இருக்கும் நேரத்தில்தான் உறுதி கூடும் என்பது புதிதல்ல. குரோமிய உப்பில் ஊறி நீலம் பாரித்த தோலை டிரம்மிலிருந்து எடுத்த கையோடு அடுத்த இயந்திரத்துக்கு அனுப்பமாட்டார்கள். அடுக்கி, ஓர் இரவாவது சும்மா போட்டுவைப்பார்கள். அந்த நேரத்தில்தான் குரோமியம் தோலின் கொலாஜன் இழைகளோடு இறுகப் பிணைகிறது.

கொலாஜன் என்றதும் தசைநாண் நினைவுக்கு வர வேண்டும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாணும் பெரும்பாலும் அதே புரதம்தான். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் தேறுவதும் மெதுவாகத்தான். 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரு விசித்திரமான வழியில் இதை அளந்தார்கள். அணுகுண்டுச் சோதனைகள் 1950களிலும் 60களிலும் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பன் மனித உடலிலும் சேர்ந்திருக்கிறது. குதிகால் நாணில் அதன் அளவைப் பார்த்தால், நாணின் உட்பகுதி சுமார் 17 வயதுக்குள் உருவாகி, பிறகு ஏறக்குறைய மாறாமல் அப்படியே இருப்பது தெரிந்தது. தசை சில மாதங்களில் பருத்துவிடலாம். நாண் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. கை கால் பருத்துவிட்ட உற்சாகத்தில் எடையை ஏற்றிக்கொண்டே போகும் பையன்கள் மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதனாலும்தான்.

மேடையிலும் ஓய்வுக்குக் கணக்கு உண்டு. ஒரே மூச்சில் தண்டைத் தூக்கத் தேவையான கிரியேட்டின் பாஸ்பேட் தசையில் சில நொடிகளுக்குத்தான் இருக்கும். அது பெருமளவு மீண்டும் நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். பெயர் அழைத்ததும் வீரருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். தொடர்ந்து அவரே மறுபடி தூக்க நேர்ந்தால் இரண்டு நிமிடம். பயிற்சியாளர்கள் அடுத்துத் தூக்கப்போகும் எடையைக் குறிக்கும் சீட்டைக் கடைசி நேரத்தில் மாற்றி மாற்றி எழுதுவதன் சூது இதில் இருக்கிறது. தன் வீரருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்க வேண்டும், எதிராளி அடுத்தடுத்துத் தூக்க வேண்டும்.

ஓய்வைப் பெருமளவு குறைத்துப் பார்த்தவர் பல்கேரியாவின் பளுதூக்கும் பயிற்சியாளர் இவான் அபாஜியேவ். தினமும் பல வேளை, உச்ச எடைக்கு அருகிலேயே பயிற்சி. பதக்கங்கள் குவிந்தன, காயங்களும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இரு பல்கேரியர்கள் தடைசெய்யப்பட்ட சிறுநீர்ப்பெருக்கி மருந்தில் சிக்க, அணியே பாதியில் ஊர் திரும்பியது. பொதுவாகவே இந்த விளையாட்டில் ஊக்கமருந்து ஏன் இவ்வளவு புழங்குகிறது என்பதற்கு ஒரு விடை, ஸ்டீராய்டு தேறும் காலத்தைச் சுருக்கிவிடும் என்பது.

நேர்வழியில் கிடைக்கும் மருந்து தூக்கம். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தில். 2011இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில், சில வாரம் கூடுதலாகத் தூங்கிய கூடைப்பந்து வீரர்களின் ஓட்டம் வேகமானது, பந்து வலையில் விழுவதும் 9 சதவீதம் கூடியது. ஆனால் உறக்கம் பிடிக்க உடல் வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். கத்திரி வெயிலில் இரவெல்லாம் அனல் கக்கும் வேலூர் மொட்டைமாடியில் அது லேசில்லை.

பகலெல்லாம் ஷூ கம்பெனியில் நின்று வேலை பார்த்துவிட்டு மாலையில் ஜிம்முக்கு வரும் பையனின் உடம்புக்கு அந்த ஷிஃப்டும் ஒரு சுமைதான். எந்தப் பயிற்சி அட்டவணையிலும் அது ஏறுவதில்லை. சதீஷின் தந்தையும் தேசிய அளவில் பளு தூக்கியவர், பின்னர் வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் காவலாளியாக வேலை பார்த்தவர். மகனுக்குத் தெற்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. விளையாட்டு வீரருக்குத் தரும் அரசு வேலையைச் சம்பளமாகவும் சலுகையாகவும்தான் பார்க்கிறோம். பயிற்சிக்கும் பயிற்சிக்கும் நடுவே கவலையில்லாமல் படுத்துக்கிடக்க அது வாங்கித் தரும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.