கட்டுப்படுத்தப்பட்ட மாறி: உயிரணு பிரிப்பான் சொல்லித்தரும் பாடம்



தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படித்த எல்லாருக்கும் மூன்று சொற்கள் மனப்பாடம்: தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி. முதல் இரண்டையும் யோசித்து எழுதுவோம். மூன்றாவது வந்ததும் "நீரின் அளவு", "பாத்திரத்தின் வகை" என்று ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அதை ஏன் கட்டுப்படுத்த வேண்டும், கட்டுப்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் தரும் ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் உயிரணு பிரிப்பான். அறையின் வெப்பநிலை, நீரின் அழுத்தம், காற்றின் ஈரம் ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் அதன் முடிவு தவறிவிடும். இந்தக் கட்டுரை அதை எளிமையாக விளக்குகிறது. படிவம் 4, 5 மாணவர்கள் உயிரியல் பாடத்தோடு சேர்த்துப் படிக்கலாம். விளக்கக் கட்டுரை எழுதவும் இது உதவும்.

உயிரணுவை எதற்குப் பிரிக்க வேண்டும்?

ஒரு சொட்டு இரத்தத்தில் சிவப்பணு, பல வகை வெள்ளை அணுக்கள், இரத்தத் தட்டுகள் எல்லாம் கலந்திருக்கும். வெள்ளை அணுக்களில் ஒரே ஒரு வகை எப்படி வேலை செய்கிறது என்று ஆராய வேண்டுமானால், முதலில் அதைத் தனியாக எடுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி கையால் பொறுக்க முடியாது. அணு அவ்வளவு சிறியது. எண்ணிக்கையோ பல இலட்சம்.

1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் மேக் ஃபுல்வைலர் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். ரிச்சர்ட் ஸ்வீட் என்ற பொறியாளர் மையை நுண்துளியாகத் தெறித்து எழுதும் முறையை ஏற்கெனவே உருவாக்கியிருந்தார். ஃபுல்வைலர் அதே முறையில் மைக்குப் பதிலாக உயிரணு மிதக்கும் திரவத்தை அனுப்பினார். கலந்திருந்த எலியின் சிவப்பணுவையும் மனிதனின் சிவப்பணுவையும் பருமனை வைத்துப் பிரித்தும் காட்டினார். பிறகு ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் லெனர்ட் ஹெர்சன்பர்க் குழுவினர், ஒளிரும் சாயத்தை அடையாளமாக வைத்துப் பிரிக்கும் கருவியாக இதை வளர்த்தார்கள். அந்தப் பணிக்காக 2006இல் அவருக்கு கியோட்டோ பரிசு கிடைத்தது.

கருவி எப்படி வேலை செய்கிறது?

படிப்படியாகப் பாருங்கள்.

1. நமக்கு வேண்டிய அணுவின் மேல் மட்டும் ஒட்டக்கூடிய ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து மாதிரியோடு கலப்பார்கள்.

2. அந்த மாதிரியைச் சுற்றி உப்புநீரை ஓடவிடுவார்கள். அணுக்கள் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, மிக நுண்ணிய துவாரம் வழியாக வெளியே வரும். துவாரத்தின் விட்டம் 70 அல்லது 100 மைக்ரோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமன் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஒவ்வோர் அணுவும் லேசர் ஒளியைக் கடக்கும். சாயம் ஒளிர்ந்தால், "இது வேண்டியது" என்று கணினி குறித்துக்கொள்ளும்.

4. துவாரம் வேகமாக அதிர்வதால் நீர்த்தாரை துளித்துளியாக உடையும். 70 மைக்ரோமீட்டர் துவாரத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 90,000 துளிகள் உண்டாகும்.

5. வேண்டிய அணு இருக்கும் துளி தாரையிலிருந்து பிரியும் அந்தக் கணத்தில் அதற்கு மின்னூட்டம் கொடுக்கப்படும். கீழே பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே விழும்போது, மின்னூட்டம் பெற்ற துளி மட்டும் பக்கவாட்டில் விலகித் தனிக் குழாயில் விழும். மற்றவை நேராகக் கழிவுக்குப் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. லேசர் அணுவைப் பார்ப்பது ஓர் இடத்தில். துளி உடைவது அதற்குக் கீழே வேறோர் இடத்தில். நடுவில் சில பத்துத் துளிகள் உருவாகும் அளவு நேரம் இருக்கிறது. கருவி அந்த நேரத்தைக் கணக்கிட்டுக் காத்திருந்து, சரியான துளிக்கு மின்னூட்டம் கொடுக்க வேண்டும். விநாடிக்கு 90,000 துளி என்றால் ஒரு துளிக்கு 11 மைக்ரோவிநாடிதான் கிடைக்கிறது. கணக்கு ஒரே ஒரு துளி தப்பினாலும் பக்கத்துத் துளி விலகும். வேண்டிய அணு கழிவுக்குப் போகும். குழாயில் வெறும் உப்புநீரோ வேண்டாத அணுவோ விழும்.

வெப்பநிலை ஏன் முக்கியம்?

தேனைச் சூடாக்கினால் இளகி ஓடும் அல்லவா? தண்ணீரும் அப்படித்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. 20 பாகை செல்சியஸில் நீரின் பாகுத்தன்மை 1.00 மில்லிபாஸ்கல் விநாடி. 30 பாகையில் 0.80. பத்துப் பாகை ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. நீர் இளகினால் தாரையின் ஓட்டம் மாறும். துளி உடையும் இடம் மேலேயோ கீழேயோ நகரும். காலையில் சரிபார்த்து வைத்த கணக்கு மதியம் செல்லாது.

பினாங்கில் பகலில் வெளியே 31, 32 பாகை சாதாரணம். ஏர்கோன் போட்ட அறை 22 பாகையில் இருக்கும். நடுவில் ஏர்கோன் நின்றுபோனாலோ, கதவைத் திறந்தே வைத்திருந்தாலோ அறை சூடேறும். அதனால்தான் உயிரணு பிரிப்பான் உள்ள அறையில் வெப்பநிலையைக் குறைத்து வைப்பதைவிட, நிலையாக வைப்பதற்கே முதலிடம். 22 என்றால் வேலை முடியும்வரை 22தான். இன்றைய கருவிகள் பலவற்றில் கேமரா ஒன்று துளி உடையும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, நகர்ந்தால் திருத்தும். அழுத்தம் மாறினாலும், துவாரத்தில் அழுக்கு அடைத்தாலும் இதே பிரச்சனைதான். அதனால் மாதிரியை முதலில் நுண் வலையில் வடிகட்டிய பிறகுதான் கருவியில் போடுவார்கள்.

அணுவுக்கு ஏற்ற சூழல்

துளி சரியான குழாயில் விழுந்துவிட்டது. ஆனால் உள்ளே இருக்கும் அணு செத்துப் போயிருந்தால் என்ன பயன்? இங்கே நீங்கள் படித்த பாடங்கள் வரிசையாக வருகின்றன.

சவ்வூடு பரவல்: அணுவைச் சுற்றி ஓடும் உப்புநீர், அணுவின் உள்ளிருக்கும் திரவத்துக்குச் சமமான செறிவில் இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் அணு வீங்கி வெடிக்கும். உப்பு கூடினால் சுருங்கிவிடும்.

பிஎச் மதிப்பு: அணுக்களை வளர்க்கும் இன்குபேட்டரில் 37 பாகை வெப்பமும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் இருக்கும். அந்த வாயுதான் வளர்ப்புத் திரவத்தின் பிஎச் மதிப்பை 7.4 அளவில் பிடித்து வைக்கிறது. குழாயை வெளியே திறந்து வைத்தால் வாயு வெளியேறித் திரவம் காரத்தன்மை அடையும். அதில் உள்ள பீனால் சிவப்பு என்ற நிறங்காட்டி ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும். ஆகவே, பிரிக்கும் நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு இல்லாமலே பிஎச் மதிப்பைக் காக்கும் ஹெப்பிஸ் என்ற பொருளைச் சேர்ப்பார்கள்.

நொதியும் வெப்பமும்: பெரும்பாலான அணுக்களை 4 பாகையில் வைப்பது வழக்கம். குளிரில் நொதிகள் மந்தமாகும்; அணு தன் சத்தைச் சீக்கிரம் செலவழிக்காது; மேலே ஒட்டிய சாயத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளாது. ஆனால் எல்லா அணுவுக்கும் குளிர் ஒத்துக்கொள்ளாது. இரத்தத் தட்டுகளைக் குளிரில் வைத்தால் அவை தூண்டப்பட்டு வடிவம் மாறும். இரத்த வங்கிகள் அவற்றை 20 முதல் 24 பாகையில் வைப்பது அதனால்தான். ஆக, "குளிர்தான் நல்லது" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்த அணு என்று கேட்க வேண்டும்.

பினாங்கின் ஈரக்காற்று

நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் அடிக்கடி 80 விழுக்காட்டைத் தொடும். ஐஸ் கோப்பியை மேசையில் வைத்தால் கிளாசுக்கு வெளியே தண்ணி வழிவதைப் பார்த்திருப்பீர்கள். 4 பாகையில் குளிரூட்டிய மாதிரிக் குழாயிலும் அப்படித்தான் நீர் படியும். அது கருவியின் கண்ணாடியில் படிந்தால் ஒளி சிதறும். மின்தகட்டில் ஈரமும் உப்பும் சேர்ந்து படிந்தால் மின்பொறி பறக்கும். துளி விலகும் பாதை கெடும். அதனால் தகடுகளைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் அப்பா, அம்மா, அக்காவைக் கேட்டுப் பாருங்கள். தூசியும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட அறைக்குள் உடல் முழுதும் மூடிய உடுப்போடு போவதைப் பற்றிச் சொல்வார்கள். தொழிற்சாலையில் அது பொருளைக் காப்பாற்றுவதற்கு. உயிரணு பிரிக்கும் அறையில் இன்னொன்றையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது: கருவியை இயக்கும் மனிதரை.

மூச்சில் போகும் ஆபத்து

துவாரம் பாதி அடைத்துக்கொண்டால் தாரை கோணலாகப் போய் குழாயின் விளிம்பில் மோதும். அப்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிப் புகை கிளம்பும். மாதிரியில் நோய்க்கிருமி இருந்தால் அது இயக்குநரின் நுரையீரலுக்குப் போகலாம். வடிகட்டாத, நோய் உள்ளதா என்று தெரியாத மனித இரத்தம் என்றால் கவலை இன்னும் அதிகம்.

காற்றில் மிதக்கும் துளி உயிரைக் கொல்லும் என்பதை உலகுக்கு அழுத்திச் சொன்னவர் நம் பினாங்கு மைந்தர்தான். 1879இல் இங்கே பிறந்து, பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்த டாக்டர் வூ லியன் தே, 1910-11இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் பிளேக் நோய் மூச்சுக்காற்றால் தொற்றுகிறது என்று கண்டறிந்தார். துணியும் பஞ்சும் வைத்த முகக்கவசத்தை எல்லாரையும் அணியச் சொன்னார். அதை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெஸ்னி சில நாளில் அதே நோயால் இறந்தார்.

இன்று உயிரணு பிரிப்பானைப் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் வைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி ஹெப்பா வடிகட்டி வழியாக அனுப்புகிறார்கள். அந்த வடிகட்டி 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். துவாரம் அடைத்தால் உடனே கதவைத் திறக்கக் கூடாது. முதலில் தாரையை நிறுத்தி, உள்ளே இருக்கும் காற்று முழுதும் மாறும்வரை காத்திருக்க வேண்டும். மாதிரி வீணாகிறதே என்று அவசரப்படும் நேரத்தில்தான் ஆபத்து நிகழும்.

தேர்வில் எப்படி எழுதுவது?

கட்டுப்படுத்தப்பட்ட மாறியின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். "எப்படி?", "ஏன்?" என்ற இரண்டையும் சேர்த்து எழுதிப் பழகுங்கள்.

- அறை வெப்பநிலை: 22 பாகையில் நிலையாக வைத்தல், துளி உடையும் இடம் நகராதிருக்க.
- திரவத்தின் செறிவு: அணுவுக்குச் சமமான செறிவுள்ள உப்புநீர், அணு வீங்காமலும் சுருங்காமலும் இருக்க.
- பிஎச் மதிப்பு: ஹெப்பிஸ் சேர்த்தல், திரவம் காரமாகாதிருக்க.
- காற்று: உறிஞ்சி வடிகட்டுதல், இயக்குநருக்கு நோய் தொற்றாதிருக்க.

வகுப்பறை நடவடிக்கை

குழாயை மெல்லிய தாரையாகத் திறந்துவிடுங்கள். பிளாஸ்டிக் அடிக்கோலைக் காய்ந்த துணியில் தேய்த்துத் தாரையின் அருகே கொண்டுபோனால் நீர் வளையும். உயிரணு பிரிப்பானில் முறை கொஞ்சம் வேறு என்றாலும், மின்சாரம் நீரை விலக்கும் என்பதை மாணவர்கள் நேரில் காணலாம். மழை நாளில் ஒருமுறை, ஏர்கோன் அறையில் ஒருமுறை செய்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஈரக்காற்றில் மின்னூட்டம் சீக்கிரம் கசிந்துவிடும், வளைவு குறையும். ஈரப்பதம் ஏன் ஒரு மாறி என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பயிற்சிக் கேள்விகள்

1. துளிக்கு மின்னூட்டம் கொடுக்கும் நேரம் ஒரு துளி தவறினால் ஏற்படும் விளைவு என்ன?
2. வெப்பநிலையைக் குறைவாக வைப்பதற்கும் நிலையாக வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. இரத்தத் தட்டுகளை 4 பாகையில் வைக்கலாமா? காரணம் கூறுக.
4. துவாரம் அடைத்தவுடன் இயக்குநர் கதவைத் திறந்துவிட்டார். இச்செயலைப் பற்றிய உமது கருத்தை எழுதுக.

நான்காம் கேள்வியை வகுப்பில் கலந்துரையாடலாக நடத்தலாம், ஆசிரியர்களே. "மாதிரியா, மனிதரா?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் சொல்லும் பதிலிலிருந்தே பாதுகாப்பு விதிகளை அவர்கள் எந்த அளவுக்குப் புரிந்துகொண்டார்கள் என்று தெரிந்துவிடும்.