கேட்காமல் போட்ட ஆர்டர்: நிரூபிக்க வேண்டியவர் தரகர்

நீங்கள் சொல்லாமலேயே உங்கள் கணக்கில் பங்குகளை வாங்கி விற்றிருந்தால், 'நான் சொல்லவில்லை என்பதை எப்படி நிரூபிப்பேன்?' என்றுதான் முதலில் மனம் கலங்கும். அந்தக் கலக்கம் வேண்டாம். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையதல்ல. வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்ததற்குச் சான்று இருந்தால்தான் தரகர் வர்த்தகம் செய்யலாம் என்று 2018 மார்ச்சில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி சுற்றறிக்கை வெளியிட்டது. கையெழுத்திட்ட தாள், தொலைபேசி உரையாடல் பதிவு, மின்னஞ்சல், குறுஞ்செய்தி, இணையவழி ஆர்டரின் பதிவு என ஏதேனும் ஒன்று வேண்டும். தகராறு எழுந்தால் அதைக் காட்ட வேண்டியவர் தரகர்தான். இவ்வளவு தெளிவான விதியையும் வலுவிழக்கச் செய்வது முதலீட்டாளரின் மௌனம்.

வர்த்தகம் நடந்த நாளிலேயே பங்குச்சந்தையிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது. 24 மணி நேரத்துக்குள் வர்த்தக விவரம் அடங்கிய கான்ட்ராக்ட் நோட்டைத் தரகர் அனுப்பியாக வேண்டும். இவற்றைப் பார்க்காமல் விட்டு, நஷ்டம் பெருகிய பிறகு புகார் செய்தால், 'தகவல் தவறாமல் போனதே, அப்போது ஏன் பேசவில்லை? லாபத்தை ஏற்றுக்கொண்டு நஷ்டத்தை மட்டும் மறுப்பது நியாயமா?' என்று தரகர் தரப்பு கேட்கும். இதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. லாபத்தை வைத்துக்கொண்டவர், தகராறை விசாரிக்கும் நடுவரின் பார்வையில் சம்மதித்தவராகவே தெரியக்கூடும். அதனால் கேட்காமல் செய்த வர்த்தகம் லாபத்தில் முடிந்திருந்தாலும் உடனே மறுத்து எழுதுவதே சரி. நமக்கு லாபமோ நஷ்டமோ, தரகுக் கட்டணம் எடுக்கப்பட்டுவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

கான்ட்ராக்ட் நோட்டில் ஆர்டர் எண்ணும் ஆர்டர் போட்ட நேரமும் இருக்கும். காலை 11.42 என்று இருந்தால், அந்த நேரத்தை ஒட்டி உங்கள் கைப்பேசியில் தரகர் அலுவலகத்துடன் பேசிய அழைப்பு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்து, குறிப்பிட்ட ஆர்டர் எண்ணுக்கான குரல் பதிவைக் கேட்டு எழுதுங்கள். ஆனால் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் தரகர் அலுவலகத்தில் ஆர்டர் போடும் டீலரிடம் கொடுத்திருந்தால் நிலைமை சிக்கல்தான். ஆர்டர் உங்கள் பெயரிலேயே பதிவாகியிருக்கும். தரகருக்கு அதுவே சான்றாகிவிடும்.

'பல வருடம் பழகியவர், எழுத்தில் கொடுத்தால் மனக்கசப்பு வருமே' என்று தயங்குவோர் உண்டு. தயக்கம் புரிகிறது. ஆனால் தொலைபேசியில் அவர் சொல்லும் 'அடுத்த வாரம் சரி பண்ணிடலாம் சார்' எந்த நடுவரிடமும் செல்லாது. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பொசிஷன் முடிக்கப்படாமல் திறந்திருந்தால் அந்த ஒரு வாரத்தில் இழப்பு பன்மடங்காகலாம். ஆகவே தரகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு, 'இந்த வர்த்தகத்துக்கு நான் அனுமதி தரவில்லை, ஏற்கவில்லை, பொசிஷனை உடனே முடித்து இழப்பை ஈடுசெய்யுங்கள்' என்று எழுதுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம். ஓராண்டுக்குள் செய்ய வேண்டும், நிறுவனம் 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதிலும் தீராவிட்டால் 2023-இல் தொடங்கிய ஸ்மார்ட் ஓ.டி.ஆர். தளத்தில் சமரசம், பிறகு நடுவர் தீர்ப்பு என்ற வழி இருக்கிறது. எங்கே போனாலும் முதலில் கேட்கப்போவது நீங்கள் எப்போது மறுத்தீர்கள் என்பதைத்தான். அந்த மின்னஞ்சலை மறுநாள் சந்தை திறப்பதற்குள் அனுப்பிவிடுங்கள்.